ரைசர் சுவரில் ஆறு துளைகள்: ஒரு தீத்தாங்கு சோதனையின் நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பினாங்குத் தீவில் கட்டி முடியும் தறுவாயில் ஓர் உயர்மாடிக் குடியிருப்பு. மாடிக்கு ஒரு மின்சார ரைசர், ஒரு குழாய் ரைசர் (கேபிளும் குழாயும் மாடிக்கு மாடி மேலேறும் சுவரடைத்த இடம்). இரண்டின் சுவர்களுக்கும் 120 நிமிடத் தீத்தாங்கு திறன் வேண்டும் என்று வரைபடம் சொல்கிறது. சுவர் 150 மி.மீ. இலகு கான்கிரீட் கல். இரண்டு மணி நேரம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அதைத் துளைத்துக்கொண்டு கேபிள் தட்டு போகிறது, கழிவுநீர்க் குழாய் போகிறது, ஏர்கோன் செப்புக் குழாய் போகிறது. அந்தத் துளைகளை அடைத்திருக்கும் பொருள் எத்தனை நிமிடம் தாங்குமோ, சுவரும் அத்தனை நிமிடந்தான் தாங்கும்.

அடைப்புப் பொருளைத் தயாரிப்பது பிறையில் உள்ள ஒரு தொழிற்சாலை. 50 மி.மீ. பாறைநார்ப் பலகை (கட்டுமானத் தளத்தில் எல்லாரும் ராக்வூல் என்றே சொல்வார்கள்), அதன் மேல் தீத்தடுப்புப் பூச்சு, இடுக்கை அடைக்கும் அக்ரிலிக் சீலன்ட், சூட்டில் உப்பும் கிராஃபைட் சுற்றுப்பட்டை, அதே கிராஃபைட்டை உள்ளே வைத்துக் குழாயைச் சுற்றி மாட்டும் எஃகுக் காலர் ஆகியவை அதன் சரக்கு. போம்பாவின் (தீயணைப்புத் துறை) பொருள் அங்கீகாரத்துக்கு ஆய்வுக்கூடச் சோதனை அறிக்கை வேண்டும். அது வராமல் ரைசரை மூட முடியாது. ரைசர் திறந்து கிடக்கும்போது சி.சி.சி. (கட்டட நிறைவுச் சான்றிதழ்) கைக்கு வராது. சோதனை உலையோ கிள்ளான் பள்ளத்தாக்கில், கோலாலம்பூருக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இது தனி ஒரு கட்டடத்தின் வரலாறு அன்று. இந்த வகைச் சோதனைகளில் மறுபடி மறுபடி நேரும் பிழைகளை ஒரே கோப்பில் கோத்த மாதிரி நிகழ்வு. நிமிடக் கணக்குகளும் அந்த மாதிரியைச் சேர்ந்தவை. வரம்புகள், வெப்பநிலைகள், தர நெறிகள் மட்டும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

எதைச் சோதிப்பது

சோதனையின் பாதி, உலையைப் பற்ற வைப்பதற்கு முன்பே மேசையில் முடிந்துவிடுகிறது. எந்த மாதிரியைக் கட்டுவது என்ற முடிவில்தான் பெரும்பாலான திட்டங்கள் சறுக்குகின்றன. தயாரிப்பாளர் முதலில் அனுப்பிய வரைபடத்தில் ஆறு துளைகள் இருந்தன. எல்லாமே தேர்ச்சி பெறுவதற்கென்று பொறுக்கியவை: சிறிய கேபிள்கள், 50 மி.மீ. குழாய்கள், சீரான 10 மி.மீ. இடைவெளி. அந்தத் தாளோடு உலைக்குப் போயிருந்தால் ஆறும் தேறியிருக்கும். கட்டடத்தில் இருக்கும் துளைகளில் ஒன்றைக்கூட அந்த அறிக்கை காத்திருக்காது.

தேறாத சோதனையால் பணம் போகும். தவறான மாதிரி தேறிவிட்டால், அந்த அறிக்கையை நம்பிச் சுவரை மூடிவிடுவார்கள்; அதற்குப் பின் அந்தத் துளையை யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை. அதனால் மாதிரிகளைத் தேர்ந்தெடுக்குமுன் கட்டடத்திலுள்ள ஊடுருவல்களின் பட்டியல் கேட்கப்பட்டது. குழாயின் பொருள், வெளிவிட்டம், சுவர்த்தடிமன், துளையின் அளவு, குழாயைச் சுற்றியுள்ள இடைவெளி, சுவரிலிருந்து முதல் தாங்கி எத்தனை மில்லி தள்ளி இருக்கிறது என்ற எல்லாமே அதில் வந்தன. வரைபடத்தைப் பார்த்து எழுதியதன்று. தளத்தில் டேப் பிடித்து அளந்தது.

சோதனை முறைக்கு ஐரோப்பிய நெறியான ஈ.என். 1366-3 எடுத்துக்கொள்ளப்பட்டது. பிரிட்டிஷ் நெறியான பி.எஸ். 476 இங்கே நெடுங்காலமாகப் புழங்குகிறது. இருந்தாலும் கேபிள், குழாய் அடைப்புகளுக்கென்றே எழுதப்பட்ட நெறி முன்னதுதான். கேபிள்களை 21 மி.மீ. வரை சிறியவை, 50 வரை நடுத்தரம், 80 வரை பெரியவை என்று அது பிரிக்கிறது. குழாயின் எந்த முனை திறந்திருக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்பதையும் வரையறுக்கிறது.

இந்த முனை விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பி.வி.சி. குழாயின் உலைப்பக்க முனையை மூடிவிட்டால் சூடான வாயு உள்ளே ஓடாது. குழாய் மெல்ல மெல்ல இளகும், சுற்றுப்பட்டை உப்பி நெரிக்க நேரம் தாராளமாகக் கிடைக்கும். இரண்டு முனையும் திறந்திருந்தால் குழாயே புகைபோக்கியாகிவிடும். பட்டை உப்புமுன் தீ மறுபக்கம் எட்டிப் பார்க்கும். கழிவுநீர்க் குழாய்கள் மொட்டைமாடியில் காற்றோட்டத்துக்குத் திறந்தே நிற்பவை. ஆகவே திறப்பு-திறப்பு அமைப்பில்தான் சோதிக்க வேண்டும். அதில் தேறினால் மற்ற முனை அமைப்புகள் அனைத்துக்கும் அந்த முடிவு செல்லும். மூடல்-மூடலில் தேறியது மூடல்-மூடலுக்கு மட்டுமே.

கடைசியில் முடிவான ஆறு: 600 × 600 மி.மீ. திறப்பில் இரட்டைப் பலகையின் நடுவே 450 மி.மீ. துளையிட்ட எஃகுத் தட்டில் மூன்று வகைக் கேபிள்கள், அதே அளவில் எதுவும் போகாத வெற்று அடைப்பு, 110 மி.மீ. பி.வி.சி. குழாயில் சுற்றுப்பட்டை, 160 மி.மீ. பி.வி.சி. குழாயில் காலர், அதுவும் பலகை அடைத்த திறப்பின் நடுவே. ரப்பர் நுரை உறையிட்ட 28 மி.மீ. செப்புக் குழாய், உறையில்லாத 114 மி.மீ. எஃகுக் குழாய். தட்டுக்கு அலுமினியம் தரலாமா என்று ஒரு கேள்வி வந்தது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். உலை பத்தாவது நிமிடத்திலேயே 678 டிகிரியைத் தொடும். கட்டடத்தில் அலுமினியத் தட்டு இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு அந்தப் பேச்சு விடப்பட்டது.

துளைகள் சுவரில் எந்த உயரத்தில் என்பதும் சும்மா முடிவு செய்வதன்று. உலையில் அழுத்தம் கீழிருந்து மேலே ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 8.5 பாஸ்கல் ஏறுகிறது. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுழியம் என்று வைத்தால் 0.7 மீட்டரில் 1.7 பாஸ்கல்தான், 2.5 மீட்டரில் 17. ஆகக் கடினமான அடைப்பைக் கீழே வைத்தால் அதன் வழியே வாயு வெளியேறத் தள்ளுவிசையே இருக்காது. 160 மி.மீ. குழாயும் கேபிள் தட்டும் மேல்வரிசையில் வைக்கப்பட்டன. துளைக்கும் துளைக்கும் இடையே, துளைக்கும் சுவரோரத்துக்கும் இடையே 200 மி.மீ. விடப்பட்டது. குறைந்தால் ஓர் அடைப்பின் தோல்வி பக்கத்து அடைப்பையும் கெடுக்கும்.

மாதிரி கட்டுதல்

சோதனைச் சரக்கைத் தயாரிப்பாளரே பார்த்துப் பார்த்து எடுத்துவரக் கூடாது. தொழிற்சாலையின் வழக்கமான உற்பத்தியிலிருந்து வெளி ஆய்வாளர் ஒருவர் பொறுக்கி, மூட்டையிலும் வாளியிலும் கையொப்பமிட்ட முத்திரை ஒட்டி, தொகுதி எண்ணை எழுதிவைத்தார். கிள்ளான் பள்ளத்தாக்கில் லோரி இறங்கும்போது முத்திரை உடைந்திருந்த வாளி திருப்பி அனுப்பப்பட்டது.

ஆய்வுக்கூடத்தில் முதல் வேலை தராசு. பலகையின் அடர்த்தி கனமீட்டருக்கு 160 கிலோ என்று தயாரிப்பாளரின் தாள் சொல்கிறது. அதே அடர்த்தியில் அரை மீட்டர் சதுரமும் 50 மி.மீ. தடிமனும் உள்ள துண்டு 2 கிலோ இருக்க வேண்டும். இரண்டு துண்டுகள் கண்கூடாகக் குறைந்தன. அளந்து பார்த்ததில், வேறொரு வரிசையில் ஓடிய இலேசான பலகை கலந்திருந்தது தெரிந்தது. இதைத் தீக்கு முன் கண்டுபிடித்தது நல்லது. பின்னால் கண்டிருந்தால் தோல்விக்குக் காரணம் பொருளா வடிவமைப்பா என்று பிரித்தறிய வழியே இருந்திருக்காது.

பூச்சின் தடிமன் அடுத்தது. காய்ந்தபின் 1 மி.மீ. தேவை. பூச்சில் திடப்பொருள் கன அளவில் மூன்றில் இரண்டு என்றால் ஈரமாக 1.5 மி.மீ. போட வேண்டும். ஈரச்சீப்பை (ஈரப் பூச்சின் தடிமனை அளக்கும் பல்வைத்த தகடு) வைத்துப் பார்த்து 1 மி.மீ. என்று நிறுத்திவிடுவது தொழிற்சாலையிலும் தளத்திலும் ஒருசேர நடக்கும் தவறு.

உலர்த்துதலுக்கு வருவோம். நம் ஊர்க் காற்றில் இதற்குக் காட்ட வேண்டிய பொறுமை பெரிது. நெறியின் குறிப்புநிலை 23 டிகிரி, 50 விழுக்காடு ஈரப்பதம். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் திறந்த கூடாரத்தில் 80 விழுக்காடு சாதாரணம். கல் சுவரில் தேங்கிய நீர் தீயில் ஆவியாகும்போது வெப்பத்தைக் குடித்துக்கொண்டு மறுபக்கத்தை 100 டிகிரி அளவில் பிடித்துவைக்கும். அதனால் ஈரச்சுவர் பொய்யான நல்ல மதிப்பைத் தரக்கூடும். ஈர சீலன்ட்டோ நேர்மாறு: உள்ளே காயாமல் மேலே தோல் மட்டும் பிடித்திருந்தால் ஆவி அதைக் கொப்புளமாகத் தூக்கிப் பிளக்கும். 25 மி.மீ. ஆழத்துக்குப் போட்ட அக்ரிலிக் சீலன்ட் இந்த ஈரத்தில் உள்வரை காய வாரக்கணக்கில் ஆகும். சுவர் எழுப்பியதும் நான்கு வாரம், அடைப்புப் போட்டதும் மேலும் மூன்று வாரம் என்று காத்திருந்து, உடன் வார்த்த சிறு துண்டுகளை எடை பார்த்து, எடை நிலைத்தபிறகே நாள் குறிக்கப்பட்டது. உலையை முதலில் பதிவு செய்துவிட்டு அந்தத் தேதிக்கு ஏற்ப உலர்த்துதலைச் சுருக்குவது தவறு. எவ்வளவு நெருக்கடி இருந்தாலும் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஒவ்வொரு அடைப்பும் அடுக்கு அடுக்காகப் படமெடுக்கப்பட்டது. மூடியபின் உள்ளே இருப்பதை யாரும் பார்க்க முடியாது. அறிக்கை எழுதுபவருக்குப் படந்தான் சான்று.

முதல் சோதனை

தொடக்க வெப்பநிலை 30 டிகிரி. இன்சுலேஷன் (மறுபக்கம் சூடேறாமல் காப்பது) வரம்பு வெப்பநிலை ஏற்றத்தைக் கொண்டு கணக்கிடப்படுவது: சராசரியில் 140 டிகிரியும், எந்த ஒரு புள்ளியிலும் 180 டிகிரியும் ஏறலாம். இந்த மாதிரி அடைப்புகளில் ஒற்றைப் புள்ளி வரம்பே ஆளும். ஆக 210 டிகிரி என்று எழுதுபலகையில் பெரிதாக எழுதி வைக்கப்பட்டது. தெர்மோகப்பிள்கள் (வெப்பநிலை அளக்கும் கம்பிகள்) அடைப்பின் மேல் கேபிள் அல்லது குழாயிலிருந்து 25 மி.மீ. தள்ளி ஒன்று, குழாயின் மேல் அடைப்பிலிருந்து 25 மி.மீ. தள்ளி ஒன்று என ஒட்டப்பட்டன. உலை ஐ.எஸ்.ஓ. 834 வளைகோட்டைப் பின்பற்றியது: 5 நிமிடத்தில் 576 டிகிரி, 30-இல் 842, 60-இல் 945, 120-இல் 1049.

19-ஆம் நிமிடம் 160 மி.மீ. குழாயின் வெளிமுனையில் தீ. பத்து வினாடிக்கு மேல் நின்றது, இன்டெகிரிட்டி (தீயும் சூடான வாயுவும் மறுபக்கம் வராமல் தடுப்பது) போயிற்று. அப்படி ஒன்று விழுந்தால் மற்றவை தொடர வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்ததால், ஆய்வுக்கூடத்தார் அந்தத் துளையைச் செராமிக் போர்வையால் அடைத்து உலையைத் தொடர்ந்து ஓட்டினார்கள். அந்த ஒரு வரி ஒப்பந்தத்தில் இல்லாமற் போனால் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். மற்ற ஐந்தைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்காது.

41-ஆம் நிமிடம் செப்புக் குழாயில் 210 தாண்டியது. தீ வெளிவரவில்லை, ஆக இன்டெகிரிட்டி தொடர்ந்தது, இன்சுலேஷன் மட்டும் 41-இல் நின்றது.

96-ஆம் நிமிடம் கேபிள் தட்டின் ஓரத்தில் புகை தடித்தது. கம்பிச் சட்டத்தில் வைத்த 100 × 100 × 20 மி.மீ. பஞ்சுத் துண்டைக் காட்டியதும் 30 வினாடிக்குள் கனிந்தது; அங்கும் இன்டெகிரிட்டி போயிற்று.

மற்ற மூன்றும் 120-ஐக் கடந்தன. எஃகுக் குழாய் இன்டெகிரிட்டிக்கு மட்டும். உறையில்லாத எஃகிடம் இன்சுலேஷன் எதிர்பார்க்கவில்லை, பட்டியலிலும் அப்படியே எழுதியிருந்தது.

பிரித்துப் பார்த்ததில்

உலை ஆறியதும் மறுநாள் ஒவ்வொன்றாகக் கத்தியால் அறுத்துத் திறக்கப்பட்டது. இந்த நாளுக்குப் பலர் காத்திருப்பதில்லை, தோற்றதும் புறப்பட்டுவிடுகிறார்கள். கற்கத்தக்கது எல்லாம் இங்கேதான் இருக்கிறது.

காலர் உலைத்தரையில் கிடந்தது. கிராஃபைட் நன்றாகவே உப்பியிருந்தது, ஆனால் காற்றில். சுவரில் போடும் நைலான் பிளக்கும் திருகாணியும் கொண்டு காலரைப் பாறைநார்ப் பலகையிலேயே பிணைத்திருந்தார்கள். பலகை திருகாணியைப் பிடிக்காது. நைலான் 300 டிகிரிக்கு முன்பே உருகும். சரியான வழி, பலகை முழுவதையும் ஊடுருவும் எம்6 (6 மி.மீ.) மரைக்கம்பி, இரு பக்கக் காலர்களையும் நட்டும் அகன்ற வாஷரும் போட்டு ஒன்றோடொன்று பிணைப்பது. கல் சுவரில் நேரடியாகப் பொருத்தினால் எஃகு ஆங்கர். பொருள் தேர்ந்தது, ஆணிதான் தோற்றது என்றால் அறிக்கை அதைப் பிரித்துச் சொல்லாது. ஆணியும் அமைப்பின் பாகமே.

செப்புக் குழாயில் நடந்தது வேறு. ரப்பர் நுரை உலைப்பக்கத்தில் முதல் சில நிமிடங்களிலேயே எரிந்து, செம்பு நேரடியாகத் தீயைக் கண்டது. செம்பு எஃகைவிடப் பல மடங்கு வேகமாக வெப்பம் கடத்தும். வெளிநாட்டுக் கையேடுகள், நுரையை வெட்டிவிட்டுச் சுவருக்குள் பாறைநார் உறை போடு என்று சொல்லும். நம் ஊரில் அதைச் செய்தால் குளிர்ந்த குழாயின் மேல் காற்றின் ஈரம் பனித்து, பாறைநார் நனைந்து, சில மாதத்தில் சுவரே கறை பிடிக்கும். அதனால் நுரை வெட்டப்படாமல் சுவரினூடே தொடர்ந்தது. சுவருக்குள் நுரையைச் சுற்றி கிராஃபைட் பட்டை. நுரை எரியும்போது விடும் வெற்றிடத்தை அது நிரப்பும். சுவரின் இரு பக்கமும் நுரைக்கு மேலேயே 500 மி.மீ. நீளத்துக்குத் தகடு ஒட்டிய பாறைநார் உறை. பனித்துளி நுரைக்குள்ளேயே தடுக்கப்படுவதால் மேலுறை நனையாது.

கேபிள் தட்டின் தோல்வி மிகச் சிறிய இடத்தில். தட்டின் ஓரம் உள்நோக்கி மடிந்து ஒரு வெற்றுக் கால்வாயாக ஓடும். பலகையை ஓரம் வரை வெட்டிப் பொருத்தி வெளியில் சீலன்ட் பூசியிருந்தார்கள்; மடிப்பின் உள்ளே ஒன்றுமில்லை. போதாததற்கு, உலைக்குள் நீண்ட 500 மி.மீ. எஃகு 900 டிகிரி ஏறினால் 6 மி.மீ. அளவுக்கு நீளும்; அந்தத் தள்ளலில் பூச்சு விண்டு வழி திறந்தது. மடிப்பின் உள்ளே சீலன்ட்டைத் துப்பாக்கி முனை நுழைத்து நிரப்புவது, கேபிள்களுக்கிடையே இரு பக்கமும் 25 மி.மீ. ஆழம் அழுத்துவது, கேபிள்களின் மேல் 200 மி.மீ. வரை பூச்சைத் தொடர்வது என்று மூன்று திருத்தங்கள்.

தளத்தில் இதற்கு மாற்றாகக் கைக்கு வருவது பி.யூ. (பாலியுரேத்தேன்) நுரை. 1975 மார்ச் 22-இல் அலபாமாவின் பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையத்தில் கேபிள் துளையில் காற்றுக் கசிகிறதா என்று மெழுகுவத்தியைக் காட்டிப் பார்த்தார்கள். பாலியுரேத்தேன் நுரை பற்றி, 1,600-க்கும் மேற்பட்ட கேபிள்கள் சேதமாயின. தீத்தடுப்பு என்று டப்பாவில் அச்சிட்ட நுரை வகைகளும் சந்தையில் உண்டு. அவற்றில் பல, குறுகிய நேர்க்கோட்டு இடைவெளிக்கு மட்டும் சோதிக்கப்பட்டவை. கேபிள் கட்டுக்கு அந்த அறிக்கை செல்லாது.

இரண்டாம் சோதனையும் தளமும்

மூன்று மாதிரிகள் மறுபடி கட்டப்பட்டன. உலர்த்துதலும் முழுதாக மறுபடி. மூன்றும் 120 நிமிடம் நின்றன. செப்புக் குழாயின் அதிகபட்சப் புள்ளி வரம்புக்கு 20 டிகிரிதான் கீழே நின்றது. அந்த நெருக்கம் காரணமாக, உறையின் 500 மி.மீ. நீளத்தைக் குறைக்கவோ 28 மி.மீ.க்கு மேற்பட்ட செப்புக்கு இதை நீட்டவோ தயாரிப்பாளர் கேட்டபோது மறுக்கப்பட்டது. சரியான மறுப்பு.

அறிக்கை வந்ததும் வேலை முடிந்தது என்று தளத்தில் நினைப்பார்கள். மேற்பார்வையாளர் ஒருவர், “அண்ணே, அதான் சர்ட்டிபிகேட் வந்துருச்சே, இனி அடைச்சிறலாம்ல” என்று கேட்பது இந்தக் கட்டத்தில்தான். அதற்கு முன் அறிக்கையின் செல்லுபடி எல்லையை ஊடுருவல் பட்டியலோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். பெரிய துளையில் தேறியது சிறியதற்குச் செல்லும். சிறியதில் தேறியது பெரியதற்குச் செல்லாது. சோதித்த தூரத்தைவிட முதல் தாங்கி தள்ளி இருக்கக் கூடாது. தாங்கி விழுந்தால் கேபிளின் பாரம் அடைப்பைப் பிய்க்கும். பி.வி.சி.யில் தேறிய காலர், ஒலி குறைந்த பாலிபுரோப்பிலீன் குழாய்க்குத் தானாகச் செல்லாது. அது வேறு விதமாக உருகிச் சொட்டும்.

ஒப்பிட்டதில் பெரும்பாலானவை எல்லைக்குள் வந்தன. இரண்டு வகை வெளியே நின்றன. சில மாடிகளில் முதல் தாங்கி தள்ளியிருந்தது. கூடுதலாக ஒரு தாங்கி போட்டதும் சரியாயிற்று. மற்றது மேல்தளங்களின் மின்சார ரைசர். குத்தகையாளர் பின்னால் கேபிள் கூடும் என்று எண்ணித் திறப்பை 900 மி.மீ. அகலத்துக்கு விட்டிருந்தார். சோதித்தது 600. ‘பலகை ஒன்றுதானே, நீட்டிப் போடலாம்’ என்ற யோசனை முதலில் எழுந்தது. அகலம் கூடினால் பலகை தன் பாரத்தில் தொய்யும், இணைப்பு விலகும். சோதனையில் அப்படி ஓர் இணைப்பு இல்லை. மேஸ்திரியிடம் சொல்லி, திறப்பின் ஒரு பக்கத்தில் 300 மி.மீ. அகலத்துக்குக் கல் வைத்துக் கட்டி, சாந்து காய்ந்தபின் மீதியிருந்த 600 மி.மீ.-க்குப் பலகை வெட்டப்பட்டது. அடைத்த ஒவ்வொரு துளையின் பக்கத்திலும் அறிக்கை எண், பொருளின் தொகுதி எண், போட்டவர் பெயர், தேதி எழுதிய சிவப்பு அட்டை ஒட்டப்பட்டது. அடுத்த முறை இணையக் கேபிள் இழுக்க வருபவர் துளையைக் குத்துமுன் அவர் கண்ணில் படும் உயரத்தில்.